படி ஏறுவது யார்?

சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு மேற்கே இளமையாக்கினார் கோயில் என்றொரு சிறு கோயில் இருக்கிறது. அதன் எதிரே ஒரு திருக்குளம். சைவப் பெருமக்கள் போற்றும் திருநீலகண்ட நாயனாரின் வரலாறு அக்குளத்தோடு பிணைந்தது. தில்லைவாழ் குயவர் அவர். அடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுப்பதைத் தம் தொண்டாகக் கொண்டவர். இளமையில் அவர் செய்த தவறொன்றால் மனம் புண்பட்ட மனைவியார், இறைவன் பெயரால் ஆணையிட்டு அவரை விலக்கினார். அந்த ஆணையை மீறாமல், ஊரார் அறியாமல், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து இருவரும் முதுமை எய்தினர். பின்னொரு நாள் இறைவன் சிவயோகியாக வந்து, மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யுமாறு பணித்தபோது, கையைப் பற்ற இயலாத அந்த முதியவர் ஒரு மூங்கில் தண்டை எடுத்தார். ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை மனைவியார் பிடித்தார். மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர் என்று வரலாறு முடிகிறது.

அக்குளக்கரையில் நின்றபோது நம் கண் அந்த மூங்கில் தண்டின்மீதே நிலைத்தது. பாசி படிந்த குளப்படியில் தளர்ந்த கால்களோடு இறங்கும் இருவருக்கு, ஒரு கோலின் இரு முனைகள் எத்தகைய துணை! வயது முதிர்ந்த பெற்றோரைக் கைப்பிடித்துக் குளத்துக்கோ ஆற்றுக்கோ அழைத்துச் சென்றவர் எவரும் இதை அறிவர். இளமை திரும்புவது அந்த இருவருக்கு வாய்த்த பேறு. ஏனையோர்க்கு எஞ்சியிருப்பது கோல்தான். முதியோர்க்கென்று மனிதன் செய்த பொருள்களின் வரலாறும், முதியோர்க்கென்று அவன் ஒதுக்கிய இடங்களின் வரலாறும் அந்தக் கோலிலிருந்தே கிளைக்கின்றன என்று தோன்றுகிறது. அந்த வரலாற்றின் சில பக்கங்களைக் கடலூர், சிதம்பரம் ஆகிய நம் ஊர்களை நடுவில் வைத்துப் புரட்டிப் பார்க்க விழைகிறோம். ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். ஒரு படியின் முன்னால் முதியவர் ஒருவர் நிற்கும்போது, யார் ஏறுகிறார், யார் இறங்கி வருகிறார்?

சிதம்பரத்தின் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி ஆகிய நான்கும் தேரோடும் வீதிகள். பிற சிவாலயங்களில் கருவறையிலுள்ள மூலவர் அங்கேயே இருக்க, விழாக்களுக்கென்று அமைந்த உற்சவத் திருமேனிதான் வெளியே உலா வரும். சிதம்பரத்தில் மூலவராகிய நடராசரே ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழித் திருவாதிரையின்போதும் தேரேறி வீதிக்கு வருகிறார். கோபுர வாயிலைக் கடந்து, கற்படிகளில் ஏறி இறங்கி, நெரிசலில் நின்று வழிபட இயலாத கிழவரும் கிழவியும் தம் வீட்டு வாசலில் அமர்ந்தபடியே கும்பிடலாம். அவர்கள் அமர்ந்த இடத்துக்குத் திண்ணை என்று பெயர். அந்நாளைய திண்ணையைக் கட்டிய கொத்தனார், முழங்கால் மடங்குவதற்கும் மீண்டும் எழுவதற்கும் ஏற்ற உயரத்தைக் கணக்கிட்டே கட்டினார். சில வீடுகளில் திண்ணையின் ஓரத்திலேயே சுண்ணாம்புக் காரையால் சரிவான தலைத்திண்டு ஒன்றையும் அமைத்தனர். மேலே தாழ்ந்த கூரை, வெயில் படாத நிழல், எதிரே போவோர் வருவோர். படுக்கையில் முடங்கிய கிழவரைக்கூடக் காலையில் தூக்கி வந்து திண்ணையில் கிடத்திவிட்டால், ஊர் அவரைக் கடந்து போகும். போகும்போது ஒரு சொல் சொல்லிப் போகும்.

திண்ணையைப் போற்றிப் பாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாமும் அதையே செய்துவிட்டால் உண்மைக்குப் பிழை செய்தவராவோம். அந்தத் திண்ணை பெரும்பாலும் ஆண்களுடையது. கைம்பெண்ணாகிய பாட்டிக்குப் பின்கட்டும் அடுப்படியும் கிணற்றடியுமே வாய்த்தன. எல்லாச் சாதியாரும் எல்லார் திண்ணையிலும் அமர முடிந்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வீட்டைக் கட்டும்போதே முதியவரை நினைத்துக் கட்டிய ஒரு காலம் இருந்தது என்பதற்குத் திண்ணை சான்று பகர்கிறது.

பாட்டிமாருக்கென்று அமைந்த பொருள் ஒன்று உண்டென்றால், அது வெற்றிலை இடிக்கும் சிற்றுரல். உள்ளங்கையில் அடங்கும் அளவில் இரும்பிலோ பித்தளையிலோ செய்த உரலும், விரல் நீள உலக்கையும். பல் விழுந்தவர் பாக்கைக் கடிக்க முடியாது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் அந்த உரலுக்குள் சென்று, பல் செய்யவேண்டிய வேலையை உலக்கை செய்து முடிக்கும். இதைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. பல்லில்லாத வாய் ஒன்றைக் கூர்ந்து நோக்கிய ஒரு கொல்லரின் கை அதில் தெரிகிறது. முதுமையை ஒரு நோயாக எண்ணாமல், 'இவருக்கு வெற்றிலை வேண்டும், பல் இல்லை, என்ன செய்யலாம்' என்று நேராகக் கேட்ட அறிவு அது. இதைவிட நல்ல இலக்கணம் இத்துறைக்கு உண்டோ என ஐயுறுகிறோம்.

திருவிவிலியத்திலும் முதியோர்க்கான இருக்கைகள் இரண்டு நம் நினைவுக்கு வருகின்றன. ஒன்று விடுதலைப் பயண நூலில் உள்ளது. அமலேக்கியருடன் போர் நடக்கையில் மலையுச்சியில் கை உயர்த்தி நின்ற மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் கூரும் முதலில் செய்தது என்ன? ஒரு கல்லைக் கொண்டுவந்து அவர் அமர இடம் செய்தார்கள். கைகளைத் தாங்கிப் பிடித்தது அதற்குப் பின்புதான். மறையுரைகளில் நாம் பெரிதும் கேட்பது தாங்கிய கைகளைப் பற்றி. அந்தக் கல்லைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மற்றொன்று சாமுவேல் முதல் நூலில். தொண்ணூற்றெட்டு வயதான, பார்வை மங்கிய குரு ஏலி, சீலோவில் வாயிலருகே ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தார். கடவுளின் பேழை பிடிபட்ட செய்தி கேட்டதும் இருக்கையிலிருந்து பின்புறமாகச் சாய்ந்து விழுந்து, கழுத்து முறிந்து இறந்தார். அவர் முதியவர், உடல் பருத்தவர் என்று காரணத்தையும் நூல் சேர்த்தே சொல்கிறது. ஏலியின் வீழ்ச்சிக்கு இறையியலார் கூறும் பொருளை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாய்மானமும் கைதாங்கியும் அமைந்த ஓர் இருக்கை அவருக்கு இருந்திருந்தால் என்ற எண்ணம், வீட்டில் வழுக்கி விழுந்த தாயையோ தந்தையையோ மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர்களுக்கு எழாமல் இராது.

திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே கீழைத் திருச்சபையில் முதியோர் காப்பகங்கள் எழுந்தன. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் செசாரியா நகருக்கு வெளியே நோயாளர்க்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் ஒரு குடியிருப்பையே எழுப்பினார். பிரான்சு நாட்டின் போன் நகரில் 1443-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவ இல்லம் இன்றும் நிற்கிறது. அதன் பெருங்கூடத்தில் இரு சுவர்களை ஒட்டித் திரைச்சீலையிட்ட கட்டில்கள். கூடத்தின் முடிவில் சிற்றாலயம். படுத்திருப்பவர் எழாமலே திருப்பலியில் பங்கேற்கலாம். தில்லையின் தேர்வீதியும் போன் நகரத்துக் கூடமும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டும் ஒரே கேள்விக்குக் கிடைத்த இரு விடைகளாக நமக்குத் தோன்றுகின்றன.

இனி நாம் சற்று நீள நிற்கவேண்டிய இடம் பிரான்சின் வடமேற்குக் கடற்கரை. அங்கே கன்கால் என்ற மீன்பிடி ஊரில் 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று ஜான் ஜுகான் என்ற பெண் பிறந்தார். அவருக்கு நான்கு வயதிருக்கும்போது, மீன்பிடிக்கச் சென்ற தந்தை கடலிலிருந்து திரும்பவில்லை. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் உள்ள எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த வரியை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஜான் வேலைக்காரியாகவும் மருத்துவமனைப் பணிப்பெண்ணாகவும் உழைத்தார். நாற்பத்தேழு வயதில், சென் செர்வான் என்ற துறைமுக ஊரில், வேறு இரு பெண்களோடு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து வாழ்ந்துவந்தார். கடலில் கணவரை இழந்த முதிய கைம்பெண்கள் அவ்வூர்த் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்த காலம் அது.

1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண் பார்வையற்று, பாதி உடல் செயலிழந்து, கவனிப்பார் இன்றிக் கிடந்த ஆன் ஷோவின் என்ற மூதாட்டியை ஜான் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாடிப்படி குறுகலானது. மூதாட்டியால் ஏற இயலாது. ஜான் அவரைத் தம் முதுகில் சுமந்து ஏறினார் என்கிறது சபையின் மரபு. மேலே சென்றதும் தம் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, தாம் இன்னும் மேலே, கூரையடிப் பரணுக்குப் படுக்கப் போனார். புனிதர்களின் வரலாறுகளில் ஈகைக்குப் பஞ்சமில்லை. இந்த நிகழ்ச்சியில் நம்மைத் தொடுவது அந்த வீட்டின் அமைப்பு. வீட்டில் இரு ஏணிகள் இருந்தன. இரண்டிலும் ஏறியவர் வயதில் இளையவரே.

இரண்டாவது மூதாட்டி வந்தார். மேலும் சிலர் வரக் காத்திருந்தனர். எல்லாரையும் முதுகில் சுமக்க முடியுமா? 1841-இல் ஜானும் தோழியரும், முன்பு சாராயக்கடையாக இருந்த தரைத்தளக் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தனர். 'பெரிய கீழ்த்தளம்' என்று பொருள்படும் பெயராலேயே ஊரார் அதை அழைத்தனர். அங்கே பன்னிரண்டு முதியோருக்கு இடம் கிடைத்தது. அந்த இடமாற்றத்தை வரலாற்று நூல்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. நமக்கோ அதுவே திருப்பம். மாடியில் நடந்தது அன்பின் வீரச்செயல். தரைத்தளத்துக்கு வந்தபோது அந்த அன்பு கட்டடமாயிற்று. சுமப்பவர் ஒருநாள் நோயுறலாம், களைத்துப்போகலாம், இல்லாமற்போகலாம். படியில்லாத தரை எவருடைய நல்ல மனத்தையும் எதிர்பார்த்து நிற்பதில்லை.

இவ்வாறு தொடங்கியதே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. அச்சகோதரிகள் 1882-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் இல்லத்தைத் திறந்தனர். சென்னையிலும் அவர்களது இல்லம் உண்டு. ஆனால் நிறுவியவருக்கு நேர்ந்தது விந்தையானது. 1843-இல் மீண்டும் தலைவியாகத் தெரிவு செய்யப்பட்ட ஜான், சபைக்கு வழிகாட்டிய குருவால் அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். சபையை நிறுவியவர் தாமே என்று அந்தக் குரு உரிமை கொண்டாடினார். 1852 முதல் தம் இறப்பு வரையில் இருபத்தேழு ஆண்டுகள் ஜான் ஒரு மூலையில், யாரென்று அறியப்படாமல், நவகன்னியரிடையே வாழ்ந்தார். 1879 ஆகஸ்டு 29 அன்று அவர் இறந்தபோது சபையில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தனர். அவர்களுள் பலருக்கு அம்மூதாட்டியே தங்கள் அன்னை என்பது தெரியாது. முதியோருக்கு இடம் செய்து கொடுத்தவர் தம் முதுமையில் ஓரமாக வைக்கப்பட்டார். திருச்சபை 2009 அக்டோபர் 11 அன்று அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்தக் கடற்கரையிலிருந்து நம் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் சுனாமியில் மாண்டனர். ஓட முடிந்தவர் ஓடினர். குழந்தைகளும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்ட தாய்மாரும், முதியோரும் பெருமளவில் அகப்பட்டனர். உயிர் தப்பிய முதியோருக்கும் பிள்ளைகள் போய்விட்டார்கள். படகும் வலையும் போயின. ஹெல்ப்பேஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம், சுனாமிக்குப் பின் ஆதரவற்றுப்போன முதியோரை முன்னிட்டுக் கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ நூறு பேர் வாழும் இருப்பிடம் ஒன்றை அமைத்து, அதற்குத் 'தாமரைக்குளம் முதியோர் கிராமம்' என்று பெயரிட்டது. இல்லம் என்னாமல் கிராமம் என்று பெயர் வைத்தவர்களின் எண்ணம் நமக்குப் பிடித்திருக்கிறது. இல்லத்தில் ஒருவர் பராமரிக்கப்படுகிறார். கிராமத்தில் ஒருவர் வாழ்கிறார்.

கரையோரத்து ஏனைய மக்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் வீடுகள் கட்டிக் கொடுத்தன. 2005-இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணைப்படி ஒரு வீட்டின் பரப்பு 300 முதல் 325 சதுர அடி. மதிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய். கூரைக் குடிசையில் இருந்தவர்க்கு அது பெரிய பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பரப்பளவு படியின் உயரத்தைச் சொல்வதில்லை. கடலூர் மண்ணில் இதுவே சிக்கலான முடிச்சு. கெடிலமும் பெண்ணையாறும் பெருக்கெடுக்கும் நிலம் இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது. 2015-இல் வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி நாம் வீட்டின் அடித்தளத்தை உயர்த்துகிறோம். தெருவுக்கு மேல் தெருவாகத் தார் போட்டுச் சாலையை உயர்த்துவதால், மழைநீர் உள்ளே வராதிருக்க மேலும் உயர்த்துகிறோம். உயர்த்த உயர்த்தப் படிகள் கூடுகின்றன. நீரிடமிருந்து காக்கும் அதே உயரம் பாட்டியை வீட்டுக்குள் சிறை வைக்கிறது. திண்ணை இருந்த இடத்தில் இப்போது படிக்கட்டும் இரும்புக் கதவும் நிற்கின்றன. இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. கைப்பிடிக் கம்பியும், உயரம் குறைந்து அகலம் மிகுந்த படிகளும் பாதி விடையாகலாம். வீடு கட்டும்போதே அவற்றை அமைத்தால் ஆகும் செலவு மிகச் சிறியது; கட்டிய பின்போ வாசலையே இடிக்கவேண்டும்.

இடத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம்; பொருள்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் முதியோருக்கெனச் செய்யப்பட்ட பொருள்களுள் மிகச் சிறந்தது எதுவெனக் கேட்டால், கண்ணுக்குள் வைக்கும் அந்தச் சின்னஞ்சிறு வில்லையையே நாம் காட்டுவோம். கண்புரை அறுவைக்குப் பின் சோடாப்புட்டிக் கண்ணாடி அணிந்த தாத்தாக்களை நடுவயதுடைய வாசகர் அனைவரும் கண்டிருப்பர். அந்தக் கண்ணாடி உடைந்தால் அன்றே அவருக்கு மீண்டும் இருட்டு. 1949-இல் இலண்டனில் ஹாரல்ட் ரிட்லி என்ற மருத்துவர், கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்திக் காட்டினார். போரில் விமானிகளின் கண்ணில் தைத்த ஒருவகை நெகிழித் துண்டுகள் உள்ளே தீங்கின்றி இருந்ததைக் கண்டதே அதற்கு வித்து. ஆனால் அந்த வில்லை நீண்ட காலம் பணக்காரருக்கே உரியதாயிருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, தம் ஐம்பத்தெட்டாம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் இளமையிலேயே கோணிப்போயிருந்தன. அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு ஆயிரமாயிரம் அறுவைகள் செய்தவர் அவர். 1992-இல் அவருடைய நிறுவனத்தார் அரோலேப் என்ற ஆலையில் இந்த வில்லைகளைத் தாமே செய்யத் தொடங்கினர். நூறு டாலருக்கும் மேல் விற்ற வில்லை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. விலையும் ஒரு படிதானே! 2003-இல் புதுவை-கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அவர்களுடைய மருத்துவமனை திறக்கப்பட்டபின், நம் மாவட்டத்துக் கிழவர்கள் பார்வைக்காக மதுரைவரை செல்லவேண்டிய தேவை நீங்கியது.

மேலைநாட்டார் இதையெல்லாம் ஒரு தனிக் கலையாகவே வளர்த்துள்ளனர். அமெரிக்காவில் பட்ரீசியா மூர் என்ற இருபத்தாறு வயதுப் பொருள் வடிவமைப்பாளர், 1979 முதல் மூன்றாண்டுகள் கிழவி வேடம் பூண்டு ஊர் ஊராகத் திரிந்தார். பார்வையை மங்கச் செய்யும் கண்ணாடி, காதில் அடைப்பு, மூட்டு மடங்காதபடி கட்டு. முதுமை எங்கே தடுக்கிறது என்பதைத் தம் உடம்பிலேயே அளந்து பார்த்தார் அவர். 1990-இல் சாம் பார்பர் என்ற வணிகர், மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் மனைவி காய்கறித் தோல் சீவும் கத்தியைப் பிடிக்கத் தவித்ததைக் கண்டு, தடித்த மென்மையான கைப்பிடி கொண்ட கத்தியைச் செய்வித்தார். மூட்டுவலி இல்லாதவர்களும் அதையே விரும்பி வாங்கினர். நம் அடுப்படியை எண்ணிப் பார்க்கிறோம். அரிவாள்மனை தரையில், அம்மி தரையில், படுக்கை தரையில், கழிப்பறையில் குந்தியாகவேண்டும். முழங்கால் மடங்கும் வரையில் நம் வீட்டைப்போல் சிக்கனமான வீடு வேறில்லை. மடங்காத நாள் வந்ததும் வீடே பகையாகிவிடுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே துளையிட்டுக் கழிப்பறையில் வைத்துக் கொடுக்கும் மகனும் மருமகளும், பெயர் தெரியாத அந்தக் கொல்லரின் வழிவந்தவர்களே.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டந்தோறும் முதியோர் இல்லம் அமையவேண்டும் என்கிறது. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்றும் சொல்கிறது. திருச்சபையின் சட்டமோ முதியவர் உடம்பை இதற்கு முன்பே கருதிப் பார்த்தது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணா நோன்பு எல்லார்க்கும் உரியது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அவர்களைப் பேணுவோர்க்கும் அதில் விலக்கு உண்டு. ஒறுத்தல் நாள்களின் நோன்புக் கடமையும் அறுபதாம் வயது தொடங்குவதோடு முடிகிறது. பேணுவோரையும் சேர்த்துக்கொண்ட அந்தச் சட்டத்தின் நுட்பம் வியந்து போற்றத்தக்கது. சட்டநூலில் நாம் முதியோருக்கு இவ்வளவு இடம் விட்டோம். கோயில் வாசலில்?

நாம் வழிபடும் பங்குக் கோயிலுக்கு முன்வாசலில் ஐந்து படிகள். ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். கோயில் உயர்ந்து நிற்கவேண்டும் என்று முன்னோர் பக்தியோடு கட்டியவை. நம் பங்கில் பாடகர் குழுவிலும் மரியாயின் சேனையிலும் நாற்பதாண்டுகள் உழைத்த மூதாட்டி ஒருவர், இடுப்பெலும்பு முறிந்த பின் அந்தப் படிகளை ஏறவே இல்லை. முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை அவர் வீடு தேடிச் சென்றது; ஆனால் தாம் பாடிய பீடத்தின் முன் மீண்டும் ஒருமுறை அமரவேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவ்வாறு ஆறு ஆண்டுகள். ஏழாம் ஆண்டில் அவர் அந்த ஐந்து படிகளையும் கடந்து வந்தார். சவப்பெட்டியில், ஆறு பேர் தோள்மீது. தூக்கி வந்தவர்களில் நாமும் ஒருவர். எத்தனையோ ஞாயிறுகளில் இருவர் சேர்ந்து ஒரு நாற்காலியோடு தூக்கியிருந்தால் முடிந்திருக்கும் என்ற எண்ணம் மூன்றாம் படியில் வந்தது. அது இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

அடக்கம் முடிந்த வாரமே பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. அளவு நாடாவோடு சென்று பார்த்தோம். ஓரங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும் என்பது சரிவுப் பாதைக்குரிய கணக்கு. ஐந்து படி, முப்பத்தைந்து அங்குலம். ஆகவே முப்பத்தைந்து அடி நீளம். முன்வாசலில் அவ்வளவு இடமில்லை. கெபிக்கு முன்னுள்ள பூச்செடிப் பாத்தியை எடுத்தால், பக்கவாசலுக்குத் திருப்பி விடலாம் என்றார் மேஸ்திரி. பாத்தியை எடுக்கக் கூடாது என்று சிலர். கோயிலின் அழகு கெடும் என்று சிலர். இரண்டு கூட்டங்கள் கடந்தன. மூன்றாம் கூட்டத்தில் பாத்தியை இடம் மாற்ற ஒப்பினார்கள். வழுக்காதபடி சொரசொரப்பான தரை போட்டு, வலப்பக்கத்தில் கைப்பிடிக் கம்பி பதித்து, ஒரு மாதத்தில் சரிவுப் பாதை முடிந்தது. முதல் ஞாயிறு அதில் ஏறியவர்கள் முதியோர் மட்டுமல்லர். கைக்குழந்தையோடு வந்த தாய்மார், ஒலிபெருக்கிப் பெட்டியைத் தள்ளி வந்த இளைஞர், கால் சுளுக்கிய பீடச்சிறுவன் ஒருவன்.

திருப்பலி முடிந்து எல்லாரும் வெளியே வந்தபின், பக்கவாதத்தால் இடக்கை விழுந்துபோன ஒரு பெரியம்மா மட்டும் சரிவின் மேல்முனையில் நின்றுகொண்டிருந்தார். பங்குத் தந்தை அருகே சென்று, என்னம்மா, இறங்க அச்சமாக இருக்கிறதா என்று கேட்டார்.

"அச்சம் இல்ல சாமி. ஏறும்போது கம்பி சோத்துக்கைப் பக்கம் இருந்துச்சு, புடிச்சிக்கிட்டு வந்துட்டேன். இப்ப இறங்கணும்னா அது பீச்சாங்கைப் பக்கம் போயிடுச்சே. இந்தக் கைதான் எனக்கு வராதே."

பங்குத் தந்தை தம் தோளை அவருக்குக் கொடுத்து இறக்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை மேஸ்திரி இரண்டாவது கம்பியைக் கொண்டுவந்து இடப்பக்கத்தில் பதித்துச் சென்றார்.